நான்காம் வேற்றுமையில் ஒரு பெண்

இளங்கலை மாணவிகளுக்கு வேற்றுமை நடத்தும்போது இலக்கண நூல் தரும் எடுத்துக்காட்டுகளோடு நான் நிறுத்திக்கொள்வதில்லை. வீட்டில் கிடக்கும் அச்சுத்தாள் எதையாவது கொண்டுவரச் சொல்வேன். ரேஷன் கடை அறிவிப்பு, கும்பாபிஷேக அழைப்பிதழ், நகைக்கடை விளம்பரம் என்று ஏதாவது வரும். ஒருமுறை ஒரு மாணவி சாண எரிவாயுக் கலன் பற்றிய துண்டறிக்கையைக் கொண்டுவந்தாள். அவளுடைய அப்பா ஒரு வேளாண் கண்காட்சியில் வாங்கிவந்தது. முகப்பில் நீலச் சுடர், அதன் பக்கத்தில் சிரித்தபடி நிற்கும் சேலை கட்டிய பெண், பின்னால் ஒரு பசு.

எழுவாய்களை அடிக்கோடிடச் சொன்னேன். கலன் எரிவாயு தருகிறது. அரசு மானியம் வழங்குகிறது. விவசாயி உரம் பெறுகிறார். முகப்பில் நிற்கும் பெண் எங்கே என்று கேட்டேன். தேடிக் கண்டுபிடித்தார்கள். கடைசிப் பத்தியில் இருந்தாள். பெண்களுக்குப் புகையிலிருந்து விடுதலை, பெண்களுக்கு நேரம் மிச்சம், பெண்களுக்கு நல்ல உடல்நலம். மூன்று இடத்திலும் ‘கு’ உருபு. நான்காம் வேற்றுமைப் பொருள்களை எண்ணும் நன்னூல் முதலில் வைப்பது கொடையை. கொடுப்பவர் ஒருவர் உண்டு, பெறுபவர் ஒருவர் உண்டு. இந்தத் தாளில் பெண் பெறுபவள்.

நடுப்பத்தியில் செய்முறை இருந்தது. சாணத்தையும் தண்ணீரையும் சம அளவில் கரைக்க வேண்டும், வைக்கோல் துணுக்குகள் நீக்கப்பட வேண்டும், நாள்தோறும் தவறாமல் ஊற்ற வேண்டும் என்ற வகையிலான வாக்கியங்கள். இவற்றுக்கு எழுவாய் எது என்று கேட்டேன். வகுப்பு விழித்தது. தோன்றா எழுவாய் என்றாள் ஒருத்தி. அதுவும் சரியில்லை. ‘கரைத்தாள்’ என்று எழுதினால் அவள் என்பது தோன்றாவிட்டாலும் விகுதியிலாவது ஒரு பெண் இருப்பாள். ‘கரைக்க வேண்டும்’ என்பதில் அந்த விகுதியும் கிடையாது. தாளைக் கொண்டுவந்த மாணவிதான் கடைசியில் சொன்னாள்: “சாணி அள்ளுறது யாருன்னே இதுல இல்லம்மா.”

அதன்பின் கைக்குக் கிடைத்த துண்டறிக்கைகளையும் கையேடுகளையும் இந்தக் கண்ணோடு படித்தேன். சொற்கள் மாறுகின்றன, வாக்கிய அமைப்பு மாறவில்லை. பெண்ணின் நன்மைக்கென்று சொல்லப்படும் ஒரு தொழில்நுட்பத்தைப் பற்றிய எழுத்தில், அதை இயக்கும் உழைப்புக்கு ஏன் எழுவாய் இல்லை? இந்தக் கட்டுரை கேட்கும் கேள்வி இதுதான்.

நான் சாண எரிவாயுவுக்கு எதிரி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வறட்டியாக எரிக்கும்போது சாணத்திலுள்ள வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு அளவே பாத்திரத்துக்குப் போய்ச் சேர்கிறது. மீதி புகையும் வீணும். அதே சாணம் காற்றுப் புகாத கலனுக்குள் போனால், நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து மீத்தேன் கலந்த வாயுவாக்குகின்றன. வாயுவில் ஐந்தில் மூன்று பங்கு அளவுக்கு மீத்தேன், மீதி பெரும்பாலும் கரியமில வாயு. எரித்தால் புகையில்லாத நீலச் சுடர். வெளியே வழியும் கரைசலில் பயிருக்கு வேண்டிய தழைச்சத்தும் சாம்பலாகிப் போகாமல் தங்குகிறது. 1980களின் தொடக்கத்தில் கிர்க் ஸ்மித்தும் அவருடைய குழுவினரும் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்களின் உடலிலேயே கருவி மாட்டி, அவர்கள் சுவாசிக்கும் புகையை அளந்தார்கள். அடுப்படியின் காற்று ஆலைப் புகையைப் போலவே ஆராய வேண்டிய ஒன்று என்று உலகம் ஒப்புக்கொள்ள அத்தகைய அளவீடுகள் தேவைப்பட்டன. விறகடுப்பை ஊதியே கண் மங்கிய பாட்டிகளைப் பார்த்து வளர்ந்த எவரும் அந்த நீலச் சுடரைக் குறைத்துப் பேச மாட்டார்கள்.

ஆனாலும் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு சிறு குடும்பத்துக்கான 2 கன மீட்டர் கலனுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிலோ பச்சைச் சாணம் தேவை. நான்கைந்து மாடுகள் இருந்தால் கிடைக்கும். அதே அளவு தண்ணீரும் வேண்டும், அதாவது மூன்று நான்கு குடம். ஒரு கன மீட்டர் சாண எரிவாயு ஏறத்தாழ 450 கிராம் சமையல் எரிவாயுவுக்கு ஈடு. நாம் வாங்கும் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு ஈடான வாயுவைப் பெற இந்தக் கலன் சுமார் 16 நாள் ஓட வேண்டும். அந்த 16 நாளில் 800 கிலோ சாணமும் 800 லிட்டர் தண்ணீரும் யாரோ ஒருவர் கையால் தொட்டிக்கு வந்து சேர்ந்திருக்கும். கிட்டத்தட்ட அதே எடையுள்ள கரைசல் மறுபக்கம் வழிந்து, அதையும் யாரோ குப்பைக்குழிக்கோ வயலுக்கோ கொண்டு போயிருப்பார்கள். கட்டி இல்லாமல் கையை விட்டுக் கரைப்பது, வைக்கோலைப் பொறுக்கி எறிவது, குழாயில் தேங்கும் நீரை வடிப்பது, மிதவைக் கொப்பரை உள்ள கலன் என்றால் மேலே ஆடை கட்டாமல் அதைச் சுற்றிவிடுவது என்று சில்லறை வேலைகள் தனி. மார்கழிக் குளிரில் நுண்ணுயிர்களின் வேகம் குறையும், வாயுவும் குறையும். அன்று பழைய விறகடுப்பை மூட்டுவதும் அதே கைதான்.

துண்டறிக்கையில் ‘எரிபொருள் செலவு’ என்ற கட்டத்தில் எதுவும் இல்லை என்று போட்டிருந்தார்கள். சாணத்துக்கு விலையில்லை, தண்ணீருக்கு விலையில்லை, கைக்கும் விலையில்லை என்று வைத்துக்கொண்டால் அந்தக் கணக்கு சரிதான்.

பெயர்களையும் கவனிக்க வேண்டும். பெயர் வைப்பது எழுத்துத் தொழில் என்பதால் எனக்கு அதில் அக்கறை உண்டு. 1950களில் ஜஷ்பாய் படேல் வடிவமைத்த மிதவைக் கொப்பரைக் கலனுக்கு ‘கிராமலட்சுமி’ என்று பெயர். கதர் கிராமத் தொழில் ஆணையம் 1960களில் ஊர் ஊராகக் கொண்டுபோன கலனுக்கு மூலம் அதுதான். 1978ல் வந்தது ‘ஜனதா’. 1984ல் வந்தது ‘தீனபந்து’, ஏழைகளின் உறவினன். 2018ல் அறிவிக்கப்பட்ட திட்டத்தின் பெயர் ‘கோபர்தன்’, சாணம் என்னும் செல்வம். லட்சுமி இருக்கிறாள், மக்கள் இருக்கிறார்கள், ஏழை இருக்கிறான், செல்வம் இருக்கிறது. லட்சுமி என்ற பெயர் இரும்புக் கொப்பரைக்குப் போய்விட்டது. விடியலில் சாணம் கரைப்பவளுக்கு இந்தப் பட்டியலில் எந்தப் பெயரும் இல்லை.

என் பெரியம்மா வீட்டில் அப்படி ஒரு கொப்பரை இருந்தது. 1980களின் இறுதி. கொங்கு நாட்டுக் கிராமம், கட்டுத்தரையில் ஐந்து உருப்படி. கோடை விடுமுறைக்குப் போகும்போது, வாயு நிறைந்து கொப்பரை மேலெழும்புவதைப் பார்க்கக் காலையிலேயே ஓடுவோம். “கேஸ் அடுப்பு வந்ததுலருந்து உங்க பெரியம்மாளுக்கு ஒரு வேலையும் இல்ல” என்று பெரியப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். பெரியம்மா அப்போது கிணற்றடியிலிருந்து இரண்டு குடத்தோடு வந்துகொண்டிருப்பார். முன்பு அந்தத் தண்ணீர் வீட்டுக்கும் மாட்டுக்கும் மட்டும். கலன் வந்தபின் அதற்கும் சேர்த்து.

மிச்சமான நேரம் எங்கே போனது என்ற கேள்விக்குப் பெரியம்மாவின் அன்றாடமே விடை. பாத்திரத்தில் கரி பிடிக்காததால் துலக்கும் நேரம் குறைந்தது. அந்த நேரத்தில் இன்னொரு எருமை வந்து சேர்ந்தது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், ஈடுபடும் ஆண் 97 நிமிடமும் அதில் செலவிடுகிறார்கள். இத்தனை கருவிகள் வீட்டுக்குள் வந்தபின்னும் இதுதான் நிலை. மிச்சமான நேரம் யாருடையது என்று முடிவு செய்யப்படாத வீட்டில் அதை வீடே எடுத்துக்கொள்ளும்.

அண்ணன் பொறியியல் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு பெரியப்பா மாடுகளை விற்றார். பெரியம்மாவைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவருக்கும்கூடத்தான். மாடு பெரியப்பாவுடையது, நிலம் அவருடையது, கலனுக்கு வந்த மானியமும் அவர் பெயரில். இரண்டு வாரத்தில் சுடர் சிறுத்தது, பிறகு நின்றது. கொப்பரை துருப்பிடித்துப் பழைய இரும்புக்குப் போனது. பல ஆண்டுகள் கழித்து நான் கேட்டபோது பெரியம்மா சொன்னார்: “மாட்ட வித்தது அவுங்க. அடுப்பு அணஞ்சது எனக்கு.”

பொருளியலாளர் பீனா அகர்வால் 1986ல் வெளிவந்த ‘கோல்ட் ஹார்த்ஸ் அண்ட் பேரன் ஸ்லோப்ஸ்’ என்ற நூலில் விறகுப் பஞ்சத்தை ஆராய்ந்தபோது சுட்டிய சிக்கல் இதுதான். எரிபொருள் தட்டுப்பாட்டின் சுமை பெண்ணின் மேல், வீட்டுப் பணத்தின் முடிவு ஆணின் கையில். இந்த இரண்டும் பிரிந்து கிடக்கும்வரை நல்ல அடுப்பு கண்டுபிடிக்கப்பட்டாலும் அது அடுப்படிக்கு வந்து சேராது. வந்தாலும் நிலைக்காது என்று பெரியம்மா வீட்டு அனுபவத்திலிருந்து நான் சேர்த்துக்கொள்கிறேன். நாட்டில் இதுவரை கட்டப்பட்ட வீட்டுக் கலன்கள் சுமார் 50 லட்சம் என்கிறது அரசுக் கணக்கு. கட்டியதைச் சொல்லும் அந்த எண்ணில் பெரியம்மா வீட்டுக் கொப்பரையைப் போன்றவையும் அடக்கம்.

பெரியம்மாவின் அந்த வாக்கியத்தை வைத்து நான் ஒரு கவிதை எழுதினேன். கூட்டங்களில் வாசித்திருக்கிறேன், கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். வகுப்பில் அந்த மாணவி “சாணி அள்ளுறது யாருன்னே இதுல இல்லம்மா” என்று சொன்ன அன்று மாலை அந்தக் கவிதையை எடுத்துப் பார்த்தேன். என் கவிதையிலும் இல்லை.

பெரியம்மா சாணியைக் கரைத்தார். அள்ளியவர் வேறொருவர். கட்டுத்தரை கூட்டிச் சாணி அள்ள விடியற்காலையில் ஓர் அருந்ததியப் பெண் வருவார். என் பாட்டி வயது இருக்கும். சிறுபிள்ளைகளான நாங்களும் அவரைப் பெயர் சொல்லி ஒருமையில்தான் கூப்பிட்டோம். அவர் அள்ளிய சாணியில் எரிந்த அடுப்பை அவர் பார்த்ததில்லை, அந்த அடுப்படிக்குள் அவருக்கு இடமில்லை. கலன் வருவதற்கு முன் மிஞ்சிய சாணியில் ஒரு கூடை அவருக்குப் போகும். வீட்டில் வறட்டி தட்டிக்கொள்வார். கலன் வந்தபின் மிச்சம் என்ற ஒன்றே இல்லாமல் போயிற்று. எங்கள் வீட்டுப் புகை நின்றபோது அவர் வீட்டு எரிபொருளும் நின்றது. பிறகு அவர் எதை வைத்துச் சமைத்தார் என்று அப்போது எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. கவிதை எழுதும்போது நானும் கேட்கவில்லை.

இதை என் குற்ற உணர்வாக மட்டும் எழுதி முடித்துவிட முடியாது. மேய்ச்சல் நிலத்திலும் தெருவிலும் பொறுக்கிக்கொள்ளும்வரை சாணம் பொதுச்சொத்துப் போல இருந்தது. நிலமும் மாடும் இல்லாத பெண்களுக்கு அது எரிபொருள். கலன் வைத்தவருக்குச் சாணம் தேவை என்றானதும் அதற்கு உரிமையாளர் வந்துவிடுகிறார். நான்கைந்து மாடும், கலன் கட்ட இடமும், தண்ணீர் வசதியும் உள்ளவரே இதில் இறங்க முடியும் என்பதால், பெரும்பாலான கிராமங்களில் அந்த உரிமையாளரின் சாதி எது என்பதும் நமக்குத் தெரியும்.

சாணி தமிழில் வெறும் எருப்பெயராக இருந்ததும் இல்லை. வாசல் தெளிக்கவும் வீடு மெழுகவும் பிள்ளையார் பிடிக்கவும் அது மங்கலம். கீழத்தஞ்சைப் பண்ணைகளில் தலித் விவசாயத் தொழிலாளர்களுக்கு அதையே கரைத்துச் சாணிப்பாலாகப் புகட்டினார்கள், சவுக்கால் அடித்தார்கள். 1940களில் பி. சீனிவாச ராவ் போன்றோர் முன்னின்று நடத்திய விவசாயத் தொழிலாளர் போராட்டங்கள் அந்தக் கொடுமையை எதிர்த்தன. ஒரே பொருள் யார் கையில் இருக்கிறது, யார் வாயில் ஊற்றப்படுகிறது என்பதைப் பொறுத்து மங்கலமும் தண்டனையும் ஆனது. கழிவறையைக் கலனோடு இணைத்தால் கூடுதல் மானியம் என்று திட்டம் சொன்னாலும் பல வீடுகள் தயங்குகின்றன. வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிருக்கு மாட்டுச் சாணமும் மனிதக் கழிவும் உணவுதான். தயக்கம் நம்முடையது. அதன் வேர் எங்கே என்பதைத் துண்டறிக்கை பேசாது. அதன் வேலை அதுவும் இல்லை. பேச வேண்டியது நம் வேலை.

உழைப்பைக் கணக்கில் எழுதிய ஓர் இடம் உண்டு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அமுல்ய ரெட்டி 1974ல் ‘அஸ்திரா’ என்ற மையத்தைத் தொடங்கினார். கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில் உள்ள புரா என்ற சிற்றூரில் அம்மையம் ஊருக்குப் பொதுவான சாண எரிவாயுக் கலனைக் கட்டியது. முதல் திட்டம் எல்லா வீட்டுக்கும் சமையல் வாயு. ஊரின் சாணம் அதற்குப் போதவில்லை, திட்டம் நின்றது. 1987 முதல் அதே வாயுவைக் கொண்டு எஞ்சினை ஓட்டி, ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரையும் மின்விளக்கையும் வீடுகளுக்குக் கொடுத்தார்கள். சாணம் கொண்டுவருபவரின் கூடை எடை போடப்பட்டு எழுதப்பட்டது. கொண்டுவந்ததற்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை. எருவும் அந்த அளவுக்கேற்பத் திரும்பக் கிடைத்தது.

புராவிலும் அடுப்படிப் புகை தீரவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கிருந்து இரண்டு பாடங்களை எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, தராசு. சிறு தொகையானாலும், சுமந்தவர் ஒருவர் இருக்கிறார் என்று அந்த நோட்டுப் புத்தகம் ஒப்புக்கொண்டது. இரண்டு, தண்ணீர். அந்தக் கலன் தண்ணீரைக் கேட்டதோடு நில்லாமல் தண்ணீரைக் கொண்டுவந்தும் கொடுத்தது. பெரியம்மா வீட்டுக் கொப்பரை குடத்தின் எண்ணிக்கையைக் கூட்டியது. இரண்டுமே ஒரே வேதியியல்.

ஆகவே நம் கோரிக்கை கலன் வேண்டாம் என்பதாக இருக்க முடியாது. கலன் கட்டும் வீட்டில் தொட்டிவரை தண்ணீர்க் குழாய் வர வேண்டும். மானியம் பெறும் பெயரில் பெண்ணின் பெயரும் இருக்க வேண்டும். 2016ல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் எரிவாயு இணைப்பு பெண்ணின் பெயரிலேயே தரப்பட்டபோது முடிந்தது இதிலும் முடியும். பராமரிப்புப் பயிற்சியையும் கொத்து வேலையையும் பெண்கள் கற்க வேண்டும். சாணம் அள்ளுவதற்குக் கூலிக்கு வருபவர் இருந்தால் கலனால் கூடும் வேலைக்கு அவருடைய கூலியும் கூட வேண்டும், உரத்தில் பங்கும் வேண்டும். மாடில்லாத பெண்களுக்குச் சமையலறைக் கழிவில் இயங்கும் சிறு கலன்கள் உண்டு. புனேயில் ஆனந்த் கார்வேயின் ‘ஆர்த்தி’ நிறுவனம் அத்தகைய ஒன்றை உருவாக்கியது. மாடு விற்கும் முடிவில் அடுப்பெரிப்பவளுக்கும் வாக்கு வேண்டும். கடைசியாகச் சொன்னதற்கு எந்த அரசாணையும் போதாது என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த வகுப்பில் அந்தத் துண்டறிக்கையை எழுவாயோடு திருப்பி எழுதச் சொன்னேன். தாளைக் கொண்டுவந்த மாணவி தன் வீட்டையே எழுதியிருந்தாள். சாணியை வேலைக்கு வரும் அக்கா அள்ளுகிறார், என்று பெயரோடு எழுதியிருந்தாள். தண்ணீரை அம்மா நான்கு குடம் சுமக்கிறார், நான் ஞாயிற்றுக்கிழமை கரைக்கிறேன், அப்பா கண்காட்சிக்குப் போகிறார். வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள்.

ஒரு மாதம் கழித்து நடைவழியில் என்னை நிறுத்தினாள். “அப்பா அதப் படிச்சாரும்மா. தொட்டி வரைக்கும் பைப் இழுத்துடலாம்னு சொல்லிட்டாரு.”

“அந்த அக்காவப் பத்தி எழுதுனியே, அதுக்கு என்ன சொன்னாரு?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். “அதப் பத்தி ஒண்ணும் சொல்லலம்மா.”